மாரிஸ் வண்டியின் பிரெஞ்சு மரை

ஜெலுத்தோங், பினாங்கு
12 மார்ச் 2023

குகனுக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபோனில் உன் குரலைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. நீ கூப்பிட்ட இரண்டு தடவையும் பாதியில் துண்டித்தது நான்தான். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது கோபம் வந்தால் பேனாவை வைத்துவிட்டுத் தேத்தண்ணி கலக்கப் போய்விடலாம்.

விஷயம் வண்டியைப் பற்றியது. காமாரியா அக்கா பாலிக் புலாவ் தோட்டத்துக் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர் மகன் அந்த இடத்தில் வீடு கட்டப் போகிறானாம். ஆண்டு முடிவதற்குள் நம் பழைய மாரிஸ் மைனர் கார் தன் சக்கரத்தில் உருண்டு வெளியே போக வேண்டும். இல்லையென்றால் பழைய இரும்பு லாரியில் போகும்.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து அதைக் கழற்றியிருப்போம்! பூட்ட வேண்டிய நேரம் வந்தபோது நீ ஹன்னாவைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்து போவதாகச் சொன்னாய். அதுவும் விமானம் ஏறப்போகிற வாரத்தில். ஹன்னா நல்ல பெண். சுங்கை பட்டாணி ஊர்க்காரி, கவன்ட்ரியில் நர்ஸ், எல்லாம் சரி. கூடப் பிறந்த என்னிடம் ஏன் கடைசியில் சொன்னாய்? "போனா போ, இந்தக் கொட்டாய் பக்கம் திரும்பி வராத" என்று அன்றைக்கு நான் கத்தியது இன்னும் செல்லும்.

நீ போல்ட்டுகளை எல்லாம் ஒரே பிஸ்கட் டின்னில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறாய். எது எங்கே என்று ஒரு குறிப்பும் இல்லை. உன் தலைக்குள் இருந்தது, உன்னோடு விமானம் ஏறிவிட்டது. போன வாரம் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியை மாட்டப் பார்த்தேன். பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் போல்ட் தலைக்குள் போகவில்லை. பதினான்கு வழுக்கிக்கொண்டு சுற்றியது. பழைய ஆங்கில அளவான விட்வர்த் ஸ்பேனரைப் போட்டேன், கையைக் குலுக்குவது போல அப்படியே பிடித்துக்கொண்டது. ஸ்பேனரில் கால் இன்ச் என்று போட்டிருந்தது. சூலியா ஸ்ட்ரீட் பக்கம் ஷேக் அலாவுதீன் அண்ணன் கடையில் கால் இன்ச் விட்வர்த் போல்ட் வாங்கி வந்தேன். ஓட்டைக்குள் அது தண்ணீர்க் கோப்பைக்குள் போட்ட கரண்டி மாதிரி ஆடுகிறது.

ஏன்? அதை மட்டும் சொல். உன் சௌக்கியத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

குமுதா


கவன்ட்ரி
2 ஏப்ரல் 2023

அன்புள்ள அக்கா,

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

விட்வர்த் ஸ்பேனரில் போட்டிருப்பது போல்ட் தலையின் அளவு இல்லை. அந்தத் தலைக்குக் கீழே இருக்கும் தண்டின் அளவு. அதுவும் விட்வர்த் தண்டாக இருந்தால்தான் அந்த எண் பொருந்தும். நம் எஞ்சினில் தலை விட்வர்த், தண்டு விட்வர்த் இல்லை. எட்டு மில்லிமீட்டர். மரைக்கும் மரைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. இன்று கடையில் கிடைக்கும் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டில் அந்த இடைவெளி ஒன்றேகால். அதுவும் சேராது.

இதற்கு ஒரு கதை இருக்கிறது. முதல் உலகப் போரின்போது ஒரு பிரெஞ்சு கம்பெனி தன் இயந்திரங்களோடு இந்த ஊருக்கு வந்து தொழிற்சாலை போட்டது. போர் முடிந்து சில வருஷத்தில் நம் வண்டிக் கம்பெனியின் முதலாளி மாரிஸ் அதை வாங்கினார். அந்த இயந்திரங்களுக்கு மில்லிமீட்டர் மரைதான் வெட்டத் தெரியும். ஆனால் ஆங்கிலேய மெக்கானிக் கையில் இருந்தது விட்வர்த் ஸ்பேனர். அதனால் தண்டைப் பிரெஞ்சு அளவில் வெட்டி, தலையை மட்டும் ஆங்கில அளவில் வைத்தார்கள். அந்தப் பழக்கம் எஞ்சினிலேயே தங்கிவிட்டது. பாடியில் இருக்கும் போல்ட்டுகளுக்கு இது பொருந்தாது. அவை வேறு இனம்.

அந்தப் பழைய தொழிற்சாலைக் கட்டடம் இப்போது பல்கலைக்கழகம். நான் வேலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. காலையில் பனி இறங்கியிருக்கும்போது கட்டடத்தின் மேல்பாதி தெரிவதில்லை. மாணவர்கள் கையில் காப்பியோடு பனிக்குள் போய் மறைகிறார்கள். நம் எஞ்சின் உள்ளே எங்கோ தூங்கிக்கொண்டிருப்பதாகவும், அதை எழுப்பாமல் எல்லோரும் மெதுவாக நடப்பதாகவும் எனக்குத் தோன்றும்.

இங்கே பழைய சாமான் சந்தைகளில் அந்த போல்ட் கிடைக்கும். தேடுகிறேன். அதுவரை வேறு எதையும் அந்த ஓட்டைக்குள் திருகாதே.

குகன்


ஜெலுத்தோங்
7 மே 2023

குகனுக்கு,

உன் கடிதம் தாமதமாக வந்தது. அதற்குள் திருகிவிட்டேன்.

ஷேக் அலாவுதீன் அண்ணனிடம் பழைய போல்ட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது பதினாறுல அஞ்சு இன்ச், யூ.என்.எஃப். அமெரிக்கன் சைஸும்மா. கண்ண மூடிக்கிட்டு மாட்டு" என்றார். நானும் கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டுதான் மாட்டினேன். முதல் மூன்று சுற்று வெண்ணெய் மாதிரி இறங்கியது. நாலாவதில் இறுகியது. துரு என்று நினைத்து ஸ்பேனரை இன்னும் கொஞ்சம் இழுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். போல்ட் தலை என் கையில், தண்டு எஞ்சினுக்குள்.

கொட்டகை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். மழை விட்டிருந்த நேரம். ஜாதிக்காய் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெயில் இலைக்கு இலை தாவி இறங்கியது.  காமாரியா அக்கா வாழைப்பழம் பொரித்த பிசாங் கோரேங் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஷேக் அலாவுதீன் அண்ணனிடம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. "ஐயோ, நா சொல்லித்தானம்மா ஒடைஞ்சிச்சு. எங்கிட்ட ஒரு சாமான் இருக்கு, எடுத்துட்டுப் போ" என்று மரை அளக்கும் கேஜ் ஒன்றைக் கொடுத்தார். நிறைய மெல்லிய இலைகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் சீப்பு மாதிரிப் பற்கள். எந்த இலையின் பல் போல்ட்டின் மரையில் வெளிச்சம் விடாமல் உட்காருகிறதோ, அதுதான் அதன் இனம். இப்போது தினமும் ஃபெரியில் அக்கரையில் இருக்கும் பிறை ஊருக்கு வேலைக்குப் போகும்போது பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் போகிறேன். மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றுகொண்டு ஒவ்வொன்றாக அளக்கிறேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் எனக்கு மரை கழன்றுவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

உடைந்த தண்டை எப்படி எடுப்பது? நீ எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. ஃபோனில் படம் எடுத்து அனுப்பு, இல்லை செய்து காட்டி வீடியோ அனுப்பு.

இன்னொன்று. என் கூடப் பிறந்தவன் எனக்குக் கம்ப்யூட்டரில் அடித்து, பிரிண்ட் எடுத்துக் கடிதம் அனுப்புகிறான். கையெழுத்துகூட இல்லை. வங்கியிலிருந்து வந்த மாதிரி இருக்கிறது. நான் கத்தினேன்தான். அதற்காக இப்படியா?

குமுதா


கவன்ட்ரி
28 மே 2023

அன்புள்ள அக்கா,

வீடியோ அனுப்ப முடியவில்லை. எழுதுகிறேன்.

தண்டைச் சுற்றிலும் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊற விடு. பிறகு சுற்றியிருக்கும் இரும்பைச் சூடாக்கு, தண்டை இல்லை. சுடுபட்ட இரும்பு விரிந்து பிடியை விடும். தண்டின் சரியான நடுவில் ஒரு புள்ளி குத்து. சாதாரண டிரில் வேண்டாம், இடது பக்கம் சுற்றும் டிரில் வாங்கு. துளைக்கும்போதே அது தண்டைக் கழற்றும் திசையில் இழுக்கும். பாதித் துளை போவதற்குள் தண்டு தானாகச் சுழன்று வெளியே வர வாய்ப்பு உண்டு. வராவிட்டாலும் அழுத்தாதே.

இத்துடன் போல்ட்டுகள் வருகின்றன. ஒரு சந்தையில் கிடைத்தன. சந்தை ஒரு வயல் நடுவில். ஈரப் புல்லில் பழைய கம்பளியை விரித்து அதன்மேல் கதவுப் பிடி, விளக்கு, ஹார்ன் என்று பரப்பியிருந்தார்கள். பனி விலக விலக ஒவ்வொரு கம்பளியாகத் தெரிந்தது. ஒரு வண்டி முழுவதும் வயலில் இறைந்து கிடந்து, யாராவது வந்து சேர்க்கக் காத்திருப்பது போல இருந்தது.

எழுத்தைப் பற்றிக் கோபப்படாதே. இங்கே இதுதான் வசதி.

குகன்


ஜெலுத்தோங்
25 ஜூன் 2023

தம்பி,

தண்டு வெளியே வந்துவிட்டது. டிரில் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது, சட்டென்று கையில் ஒரு இளக்கம் தெரிந்தது. தண்டு தூக்கத்தில் புரள்கிறவர் மாதிரி மெதுவாகச் சுழன்று மேலே வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு டுரியான் பழம் தகரக் கூரையில் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் காமாரியா அக்கா ஓடி வந்துவிட்டார். எஞ்சினின் மரைக்கு ஒரு கீறலும் இல்லை.

இப்போது வேறு விஷயம். நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல்.

நீ அனுப்பிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கேஜில் வைத்தேன். ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாம் சரி. அது அமெரிக்க அளவு. நான் உடைத்தேனே, அதே இனம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் உனக்குப் பார்வை எதற்கு? கொட்டகையில் வெளிச்சம் மங்கும் நேரத்தில் நீ போல்ட்டை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டே, "அக்கா, இவன் வெள்ளைக்காரன், இவன் பிரெஞ்சுக்காரன்" என்று பிரித்துப் போடுவாய். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அந்தக் குகன் கையில் எடுத்துப் பார்த்த போல்ட் இல்லை இது.

கடிதம் பிரிண்ட். பொட்டலத்தின் மேல் முகவரி ஹன்னாவின் எழுத்து. வீடியோ எடுக்க முடியாது என்கிறாய். நான் பிறை ஃபேக்டரியில் நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குக் கீழே குறை தேடுகிறவள்.

உன் கைக்கு என்ன?

அக்கா


கவன்ட்ரி
16 ஜூலை 2023

அக்கா,

பல தடவை அடித்து அழித்துவிட்டேன். இதை அனுப்பிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

ஜனவரியில் நடந்தது. நான் வேலை செய்யும் கிடங்கில் பெட்டிகளை நகர்த்தும் பெல்ட்டில் என் வலது கை உறை மாட்டிக்கொண்டது. உறையோடு கையும் உள்ளே போனது. எலும்பு கூடிவிட்டது. விரல்கள் மடங்குகின்றன, பிடிக்கின்றன. பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் உணர்வு இல்லை. நரம்பு திரும்ப வளரலாம், வளராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். பேனாவைப் பிடித்தால் அது இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உன்னிடம் சொல்ல ஃபோன் செய்தேன். நீ எடுத்த எடுப்பில் வண்டியைப் பற்றி ஆரம்பித்தாய், நான் பதிலுக்குக் கத்தினேன், அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? நாளாக ஆக இன்னும் கஷ்டமாகிவிட்டது.

சந்தையில் அந்த போல்ட்டுகளை நான் உருட்டிப் பார்க்கத்தான் செய்தேன். பழக்கம். விரல்களுக்கு நடுவே போல்ட் இருந்தது, ஆனால் அது எதையும் சொல்லவில்லை. விற்றவர் எல்லாம் ஒரே அளவு என்றார், நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஹன்னாவிடம் பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டுக் குளியலறையில் போய் நின்றுகொண்டேன்.

கனவில் மட்டும் விரல் நன்றாக இருக்கிறது. கனவில் எப்போதும் கொட்டகைதான். தரையெல்லாம் தண்ணீர், கணுக்கால் வரைக்கும், வெதுவெதுப்பாக. தண்ணீருக்கு அடியில் கைவிட்டுத் துழாவுகிறேன். போல்ட் அகப்படுகிறது. மரையின் ஒவ்வொரு வரம்பும் விரல் ரேகையில் ஏறி இறங்குவது அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. சிரித்துக்கொண்டே எழுந்திருப்பதாக ஹன்னா சொல்கிறாள்.

அந்த வண்டியைக் கொடுத்துவிடு, அக்கா. நான் வந்தாலும் எனக்கு அதில் வேலை இல்லை. நீ ஒருத்தியாகக் கஷ்டப்படுவது எனக்குப் பிடிக்கவில்லை.

குகன்


ஜெலுத்தோங்
5 நவம்பர் 2023

தம்பி குகனுக்கு,

இத்தனை மாதம் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. எழுத உட்காரும்போதெல்லாம் என்ன எழுதினாலும் சின்னதாகத் தெரிந்தது. கொட்டகைக்குப் போய் ஒரு போல்ட்டை இறுக்கிவிட்டு வருவேன். அப்படியே இறுக்கிக்கொண்டு வந்ததில் எஞ்சின் பூட்டி முடிந்துவிட்டது.

வண்டியைக் கொடுக்க மாட்டேன். உன் கையில் உணர்வு இல்லையென்றால் என் கையில் இருக்கிறது. போல்ட்டை முதலில் கையால்தான் திருக வேண்டும், கையால் இறங்காதது ஸ்பேனருக்கும் இறங்கக்கூடாது என்பாயே, அதை இப்போதுதான் கற்றுக்கொண்டேன். டின்னில் இருந்த எல்லாவற்றையும் இனம் பிரித்துவிட்டேன். பிரெஞ்சுக்காரர்கள் தனி, வெள்ளைக்காரர்கள் தனி, அமெரிக்கர்கள் தனி.

போன ஞாயிறு எஞ்சின் ஓடியது. முதலில் இருமியது, புகையாகக் கக்கியது, நின்றது. ஷேக் அலாவுதீன் அண்ணன் "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டிலா" என்றார். மறுபடி சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தேன். பிடித்துக்கொண்டது. பிறகு அது ஒரு தாளத்துக்கு வந்தது. தோட்டத்தில் பறவை, பூச்சி எல்லாம் ஒரு நிமிஷம் வாயடைத்துப் போய், அப்புறம் அதுவும் தங்களில் ஒன்று என்பது போலக் கத்த ஆரம்பித்தன. காமாரியா அக்கா முட்டாக்கால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோட்டத்துக்குள்ளேயே மரங்களைச் சுற்றி மெதுவாக ஓட்டினேன். இரண்டாகப் பிரிந்த முன்கண்ணாடியில் இந்தப் பக்கம் ஒரு தோட்டமும் அந்தப் பக்கம் ஒரு தோட்டமுமாகத் தெரிந்தது. திருப்பும்போது இடது முன்சக்கரத்திலிருந்து மட்டும் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம் வருகிறது. போகப் போகச் சரியாகிவிடும்.

26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஜெலுத்தோங்குக்குக் கொண்டுவரப் போகிறேன். அடுத்த நாள் சாலையில் ஓட அனுமதி தரும் பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். லாரி வேண்டாம். மலைச்சாலை வழியாக நானே ஓட்டிக்கொண்டு இறங்குவேன்.

'வா' என்று நான் சொல்லவில்லை. உனக்கு அங்கே வாழ்க்கை இருக்கிறது. 'வராதே' என்று சொன்னதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

உன் அக்கா


ஜெலுத்தோங்
26 நவம்பர் 2023

தம்பி,

நீ ஃபோனை வைத்த பிறகும் நான் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அங்கே விடிந்திருக்காதே என்று அப்புறம்தான் உறைத்தது. என் கடிதம் உன் கைக்கு நேற்றுத்தான் கிடைத்ததென்று சொன்னாய். ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க வேண்டாமென்று பார்க்கிறேன், முடியவில்லை.

நான் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டேன். அப்போதுதான் நீ கூப்பிட்டாய்.

"அக்கா, வண்டி எங்க நிக்கிது?"

"கொட்டாய் வாசல்ல. என்னாச்சுடா?"

"எறங்கு. மொதல்ல எறங்கு. ஜேக் போட்டு எடது சக்கரத்தத் தூக்கு. மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாரு."

என்னவோ உன் குரலில் இருந்தது, சண்டை போடத் தோன்றவில்லை. ஃபோனை மட்கார்டு மேல் வைத்துவிட்டுச் சக்கரத்தைத் தூக்கி ஆட்டினேன். அது பல் விழப்போகிற பிள்ளையின் பல் மாதிரி ஆடியது. நீ சொன்னாய்: சக்கரத்தைத் தாங்கும் கால் மேலும் கீழும் மரையில்தான் நிற்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த மரையிலேயே சுழல்கிறது. கிரீஸ் போடாமல் கிடந்தால் மரை தேய்ந்துவிடும், ஒருநாள் கால் கழன்று சக்கரம் உள்பக்கம் மடிந்துவிடும்.

மத்தியானம் கழற்றிப் பார்த்தேன். இடது பக்கம் என்பதால் மரையும் இடது மரை. நான் மறந்துபோய் இறுக்கிக்கொண்டிருந்தேன். ஷேக் அலாவுதீன் அண்ணன்தான் "மாத்திச் சுத்தும்மா" என்றார். கால் வெளியே வந்தது. மரை இருந்த இடம் பாதி கரைந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தது. கேஜில் எந்த இலையும் அதில் உட்காரவில்லை. அளக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

அந்தச் சக்கரத்தோடு நான் பாயா தெருபோங் மலைச்சாலை வளைவுகளில் இறங்கியிருப்பேன்.

நீ எனக்கு இதையெல்லாம் சொன்னபோது உன் கையில் ஒன்றுமே இல்லை. காதில் விழாத ஒரு சத்தத்தை, நான் எழுதிய 'டொக் டொக்'கை வைத்தே கண்டுபிடித்தாய். வண்டியில் உனக்கு வேலை இல்லை என்று இனிமேல் எழுதாதே.

வண்டியை நகர்த்த முடியாது என்று காமாரியா அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "வண்டி ஓடற வரைக்கும் நிக்கட்டும்லா. எம்மவன் வீடு ஒரு மாசம் பொறுத்தா பறந்தா போயிரும்?" என்றார்.

அக்கா


கவன்ட்ரி
9 டிசம்பர் 2023

அக்கா,

சக்கரக் கால் இரண்டும் கிடைத்துவிட்டன, இடது ஒன்று, வலது ஒன்று. இந்தத் தடவை மரையை ஹன்னாவின் விரலை வைத்துப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "கூர்மையா இருக்கு, ஒரே மாதிரி இருக்கு, எங்கயும் சறுக்கல" என்றாள். ஆஸ்பத்திரியில் ஊசி குத்த நரம்பு தேடுகிறவள் அல்லவா.

தபாலில் போட மனம் வரவில்லை. நாங்களே கொண்டுவருகிறோம். பொங்கலுக்கு அங்கே இருப்போம். ஹன்னாவுக்கு ஜாதிக்காய் ஊறுகாய் வேண்டுமாம்.

குகன்


ஜெலுத்தோங்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள தம்பி,

நீங்கள் இரண்டு பேரும் போன பிறகு வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது. ஹன்னா என் சமையலறையில் டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். உப்பைத் தேடும்போதெல்லாம் அவளைத் திட்டுகிறேன். பழைய இடத்துக்கு மாற்றவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் கடைக்கால் தோண்டிவிட்டார்கள். நாம் சேர்ந்து சக்கரக் கால் மாட்டிய வண்டி இப்போது ஃப்ளாட்டுக்குக் கீழே துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது. பரிசோதனைக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் வேலையை மறந்து படம் எடுத்துக்கொண்டாரே, அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் கிளம்புவதற்கு முதல் நாள், ஹன்னாவை வீட்டில் பெட்டி கட்ட விட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் வண்டியில் பாலிக் புலாவ் போய்க் காமாரியா அக்காவுக்குக் கொட்டகைச் சாவியைக் கொடுத்தோம். திரும்பும்போது "நான் ஓட்டுறேன்" என்றாய்.  உன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். கியர் இடது கைக்கு வருவதை அப்போதுதான் யோசித்தேன். அது நல்ல கை. ஸ்டியரிங்கின் மேல் வலது கை சும்மா படுத்திருந்தது.

மலை ஏறும்வரைக்கும் காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். மேலே ஏறியதும் மேகம் சாலைக்கே இறங்கிவிட்டது. விளக்கைப் போட்டாய். மரங்கள் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போயின. எஞ்சின் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தது. பாயா தெருபோங் இறக்கத்தில் முதல் வளைவு நினைவிருக்கிறது. இரண்டாவதும் நினைவிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்கு நினைவில் இருப்பது நம் வீட்டு வாசல்தான். நாம் கிளம்பியபோது சாயங்கால வெயில் இருந்தது. இறங்கும்போது தெருவிளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. ஹன்னா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "எங்க போனீங்க, சாப்பாடு ஆறிப்போச்சு" என்றாள். அங்கிருந்து இங்கே வர அவ்வளவு நேரம் ஆகாதே. வழியில் வண்டி நின்றுவிட்டதா? ஏதாவது கோளாறா? எனக்குத் தெரியாமல் சரிசெய்தாயா? மறைக்காமல் எழுது.

அக்கா


கவன்ட்ரி
20 பிப்ரவரி 2024

அக்கா,

வண்டி நிற்கவில்லை. ஒரு கோளாறும் இல்லை.

மூன்றாவது வளைவில் நீ தூங்கிவிட்டாய். யார் வண்டியிலும் நீ கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில்கூட டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டே வருகிறவள் நீ. ஏதோ சொல்ல வந்தாய், பாதிச் சொல்லில் நின்றது, திரும்பிப் பார்த்தேன், தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது.

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. வளைவில் திருப்பும்போது சாலை என் கையில் தெரிந்தது. விரலில் இல்லை. விரலைத் தாண்டி, மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஏறி அங்கே தெரிந்தது. தார் எங்கே சொரசொரப்பு, எங்கே ஈரம், சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது எல்லாம். டாக்டரிடம் சொன்னேன், அது நரம்பு வளர்ந்தது இல்லை என்றார். இருக்கட்டும்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் நிறுத்தத்தான் பார்த்தேன். எஞ்சின் நின்றால் நீ விழித்துக்கொள்வாய். அதனால் அப்படியே தாண்டிப் போனேன். கடலோரமாக ஃபெரித் துறை இருக்கும் வெல்ட் கீ வரைக்கும் போனேன். ஃபெரி ஒன்று விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு தண்ணீரில் நகர்ந்துகொண்டிருந்தது. எஸ்பிளனேட் வந்தது, கர்னி டிரைவ் வந்தது, திரும்பினேன். மறுபடி வாசல் வந்தது. நீ மூக்கைச் சுருக்கிக்கொண்டு இன்னும் நன்றாகச் சாய்ந்தாய். மறுபடி தாண்டிப் போனேன். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள், கண்ணாடியை இறக்கி, நீ தூங்குவதைக் கையால் காட்டினேன். ஒருவர்கூடத் திட்டவில்லை.

பெட்ரோல் முள் அடியைத் தொட்ட பிறகுதான் வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

குகன்